படியாள் என்றொரு சொல்

சொற்களிலும் மேட்டுத்தெரு உண்டு, சேரி உண்டு. வேந்தன், கோன், கொற்றம், குடை என்னும் சொற்களுக்கு உரை எழுதாத புலவர் உண்டா? ஓர் எழுத்துக்கு ஒன்பது பொருள் கூறி, வேரைத் தோண்டி, விழுதைத் தடவி, விருந்து படைத்தவர் எத்தனை பேர்! ஆனால் அந்த வேந்தனுக்கும் கோனுக்கும் சோறு விளைவித்தவனைக் குறிக்கும் சொல்லொன்று, அகராதியின் மூலையில் ஒற்றை வரிப் பொருளோடு ஒதுங்கிக் கிடக்கிறது. அதன் அருகே அமர்ந்து, 'நீ யார்? எங்கிருந்து வந்தாய்? உனக்கு இந்தப் பெயரை இட்டவர் யார்?' என்று கேட்டவர் மிகச் சிலர். அச்சொல், படியாள்.

தஞ்சைத் தரணியில் பண்ணையாள் என்றனர். தென்னார்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் படியாள் என்றனர். 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் கடலூர் என்றும் விழுப்புரம் என்றும் பிரிந்தது; பின்னர் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும் பிரிந்தது. மாவட்டங்களின் பெயர்ப்பலகைகள் மாறின. ஆனால் வேப்பூரையும் விருத்தாசலத்தையும் சுற்றியுள்ள ஊர்களில் எழுபதைத் தாண்டிய முதியவர் எவரிடமேனும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். உடனே விடை வராது. முதலில் ஓர் அமைதி வரும். பிறகுதான் பேச்சு வரும். பொருள் தெரியாத சொல்லுக்கு அப்படிப்பட்ட அமைதி வருவதில்லை.

வகுப்பறையில் நிலைமை வேறு. 'படி என்றால் என்ன?' என்று நான் கேட்டால், மாடிக்கு ஏறும் படி என்கிறான் ஒருவன்; பாடத்தைப் படி என்று அப்பா சொல்லும் படி என்கிறாள் ஒருத்தி. நெல்லை அளக்கும் படியை அறிந்தவர் ஒருவரோ இருவரோதான். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று நம் பாட்டன்மார் ஒப்பித்த வாய்பாடு, 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் பிறந்து கிலோவும் லிட்டரும் கடைத்தெருவுக்கு வந்தபின் மெல்ல மெல்ல மறைந்தது. எங்கள் விருத்தாசலத்தில் களிமண்ணைப் பீங்கானாக்கும் சூளைகள் உண்டு. அங்கிருந்து வரும் கோப்பையிலும் கிண்ணத்திலும் எதுவும் அளக்கப்படுவதில்லை. அளந்து கொடுத்த காலம் வேறு, அளந்தவன் வேறு, கையேந்தி வாங்கியவன் வேறு.

படியாள் என்பதற்குப் பொருள் கூறுவோர் மூவகையினர். 'படிந்து நடப்பவன் படியாள். பணிவுடையவன் என்பதே கருத்து' என்பர் ஒரு சாரார். இது ஆண்டைகளின் உள்ளத்துக்கு உவப்பான உரை. 'வாயிற்படியில் நிற்பவன், உள்ளே வரும் உரிமை இல்லாதவன்' என்பர் மற்றொரு சாரார். உண்மை நிலையை உரைப்பதுபோல் தோன்றினும், சொல்லாராய்ச்சிக்கு இது போதாது. மூன்றாமவர் கூறுவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: படியால் அளந்து தரப்படும் தானியத்தைக் கூலியாகப் பெறுபவன் படியாள்.

இதற்குச் சான்று தமிழிலேயே உண்டு. படி என்பது அளக்கும் கருவியை மட்டும் குறிப்பதன்று. அன்றாடம் அளந்து தரப்படும் உணவையும் குறித்தது. பின்னர் உணவுக்கு ஈடாகத் தரப்படும் காசையும் குறித்தது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் காசு கிடைத்தது என்னும் கதையில், அக்காசுக்குப் படிக்காசு என்றே பெயர். கதை உண்மையா என்பது வேறு வழக்கு. சொல் உண்மை. இன்று அரசு ஊழியர் பெறும் அகவிலைப்படி, பயணப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் அதே படிதான். ஆசிரியனாகிய நானும் மாதந்தோறும் படி வாங்குகிறேன். படி உயர்ந்தால் மகிழ்கிறேன். உயரத் தாழ்ந்தால் சங்கத்தில் முழங்குகிறேன். ஆயினும் என்னைப் படியாள் என்று எவரும் அழைப்பதில்லை. அப்படியானால் இழிவு 'படி'யில் இல்லை. அது எங்கே ஒளிந்திருக்கிறது? பின்னால் நிற்கும் 'ஆள்' என்னும் இரண்டெழுத்தில்.

ஆள் என்னும் சொல் தமிழின் விந்தைகளுள் ஒன்று. வினையாக நின்றால் அது அரசாளும். பெயராக நின்றால் ஏவல் செய்யும். ஆட்சி, ஆளுநர், ஆண்டான், ஆண்டை, ஆண்டவன் என ஒரு பக்கம் கோபுரம்போல் உயர்கிறது. கூலியாள், பண்ணையாள், வேலையாள், படியாள் என மறுபக்கம் பள்ளத்தில் இறங்குகிறது. ஒரே வேரில் பிறந்த இரு கிளைகள். ஒன்று நிழலில் அமர்ந்தது, மற்றொன்று வெயிலில் நின்றது. காணியாளன் என்றால் காணியை உடையவன். படியாள் என்றால் பிறரால் உடைமையாகக் கொள்ளப்பட்டவன். 'அன்' என்னும் ஈற்றைக்கூட அவனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை போலும்!

தொடக்கத்தில் இந்தச் சொல்லுக்கு இழிவு இருந்ததாகத் தெரியவில்லை. திருக்குறளில் ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரமே உண்டு; ஆள்வினை என்றால் முயற்சி. கூலி என்னும் சொல்லும் அதே அதிகாரத்தில், உடல் வருந்தி உழைத்தவனுக்குக் கிடைத்தே தீரும் பயன் என்னும் பொருளில், தலைநிமிர்ந்து நிற்கிறது. அந்தக் கூலிதான் பிற்காலத்தில் கப்பலேறி, இலங்கையிலும் மலேயாவிலும் மொரீசியசிலும் மனிதரையே குறிக்கும் வசைச்சொல்லாக மாறிற்று. கூலி என்பது தமிழிலிருந்து சென்றதா, குசராத்துப் பக்கத்துக் குலப்பெயர் ஒன்றிலிருந்து வந்ததா என்று அறிஞர் இன்னும் வழக்காடுகின்றனர். சம்பளம் என்பதைச் சம்பா என்றும் அளம் என்றும் பிரித்து, நெல்லும் உப்பும் கூலியாகத் தந்ததன் அடையாளம் என்று மேடையில் முழங்குவதும் உண்டு. செவிக்கு இனிய விளக்கம்தான். ஆனால் வழிச்செலவுக்கான கட்டுச்சோற்றைக் குறிக்கும் வடசொல் ஒன்று அதே வடிவில் இருக்கும்போது, கைதட்டலுக்காகச் சான்றை மறைப்பது பகுத்தறிவுக்கு அழகன்று. தமிழின் பெருமை அந்தப் பிரிப்பை நம்பி நிற்கவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பழந்தமிழகத்தில் ஏற்றத்தாழ்வே இல்லை, எல்லாம் பின்னால் வந்தவர் கொணர்ந்த நஞ்சு என்று எழுதிவிட்டால் வேலை எளிதாக முடிந்துவிடும். ஆனால் தொல்காப்பியத்தில் அடியோர் என்றும் வினைவலர் என்றும் இருவகையினர் பேசப்படுகின்றனர். பிறர்க்கு அடிமைப்பட்டவர்க்கும் ஏவற்றொழில் செய்வார்க்கும் அன்பின் ஐந்திணையில் இடமில்லை. அவர் காதலைக் கைக்கிளையிலும் பெருந்திணையிலும் வைத்துப் பாடலாம் என்பது உரையாசிரியர் கொண்ட பொருள். காதலிலும் கரை போட்டிருக்கிறார்கள்! நம் வீட்டுக் குப்பையை நாமே பெருக்குவோம், அதில் வெட்கமில்லை.

சோழப் பேரரசின் காலத்துக்கு வருவோம். கோபுரங்கள் உயர்ந்தன, ஏரிகள் நிறைந்தன, கல்வெட்டுகள் பெருகின. அக்கல்வெட்டுகளில் ஆள்விலைப் பிரமாணம் என்று ஒரு வகை ஆவணம் தென்படுகிறது. ஆளுக்கு விலை, அந்த விலைக்கு ஒரு சாசனம். திருப்பாம்புரத்துக் கோயிலில் உள்ள ஒரு கல்வெட்டு மூன்றாம் குலோத்துங்கன் காலத்தது, ஆண்டு 1201. காலம் பொல்லாததாயிற்று. ஒரு காசுக்கு மூன்று நாழி நெல்தான் கிடைத்தது. சாவுக்கு அஞ்சிய வேளாளன் ஒருவன் தன்னையும் தன் பெண்மக்கள் இருவரையும் 110 காசுக்கு அந்தக் கோயிலுக்கே அடிமையாக விற்றுக்கொண்டான். அதே கணக்கில் அந்த 110 காசுக்கு என்ன கிடைக்கும்? 330 நாழி நெல். மூன்று உயிர்களின் தலைமுறை தலைமுறையான உழைப்புக்கு விலை அவ்வளவு. நிலமுடைய குலத்தான் ஒருவனுக்கே அந்த நிலை என்றால், நிலம் என்பதையே கனவிலும் காணாதவன் நிலையைக் கல்லில் வெட்ட வேண்டிய தேவையே எழவில்லை.

தென்னார்க்காட்டுக்கு இதில் தனிப்பெருமை ஒன்று உண்டு. பெருமை என்றா சொல்வது? சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணம் தடைப்படும் கதையை அறியாதவர் இல்லை. முதியவர் ஒருவர் மணப்பந்தலில் நுழைகிறார். 'உன் பாட்டன் தன்னையும் தன் வழிவந்தோரையும் எனக்கு அடிமையாக எழுதிக் கொடுத்திருக்கிறான். இதோ ஆளோலை' என்கிறார். அந்தணன் இன்னோர் அந்தணனுக்கு அடிமையாவதும் உண்டோ என்று மணமகன் நகைக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. மூல ஓலை காட்டப்படுகிறது; கையெழுத்து ஒப்பிடப்படுகிறது; முதியவர் வெல்கிறார். அவர் இறைவன் என்பது பின்னால் தெரிகிறது.

பத்தர்கள் இதில் அருளைக் காணட்டும். நான் காண்பது ஆவணத்தை. பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டும் என்பதில் அந்தச் சபையில் ஒருவருக்கும் ஐயமில்லை. அடிமை என்று ஒன்று இருக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தணனுக்கு அது பொருந்துமா என்பதே வியப்பு. மற்றவர்க்குப் பொருந்தும் என்பது எல்லார்க்கும் தெரிந்த செய்தி! மக்கள் அறிந்த வழக்கத்தை வைத்துத்தானே புலவன் கதை கட்டுவான்?

களத்துமேட்டு உறவு கோயிலுக்குள் சென்ற வழியும் இதுதான். நிலமுடையவன் ஆண்டை, கோயிலில் இருப்பவன் ஆண்டவன். ஆண்டை ஆளை வைத்துக்கொள்கிறான், ஆண்டவன் ஆட்கொள்கிறான். ஆண்டை களத்தில் படியளக்கிறான். ஆண்டவன் எல்லா உயிர்க்கும் படியளக்கிறான் என்று நம் பாட்டிமார் இன்றும் சொல்கின்றனர். விண்ணிலிருந்து வந்த சொற்களா இவை? வயற்காட்டில் பிறந்த சொற்கள். மண்ணில் கண்ட எசமானனை விண்ணில் ஏற்றிவிட்டு, பிறகு விண்ணைக் காட்டி மண்ணில் இருப்பவனைப் பணியச் சொன்னால், படியாள் யாரிடம் முறையிடுவான்?

ஆள் வேறு, குடி வேறு என்பதையும் இங்கே மனத்திற்கொள்ள வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லிஸ் என்னும் சென்னை அதிகாரி காணியாட்சி பற்றி ஆராய்ந்து எழுதினார். திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதிய அதே எல்லிஸ்தான். 1818இல் அச்சான அவருடைய ஆராய்ச்சியில் உள்குடி, புறக்குடி என்ற பாகுபாடு வருகிறது. ஊரிலேயே நிலைத்து வாரத்துக்கு உழுபவன் உள்குடி. வெளியிலிருந்து வந்து ஒரு பருவம் உழுது செல்பவன் புறக்குடி. இருவர்க்கும் நிலம் சொந்தமில்லை. ஆயினும் விளைச்சலில் குடிவாரம் என்றொரு பங்கு இருந்தது. குடி என்னும் பெயர் இருந்தது. படியாளுக்குப் பங்கு இல்லை, அளவு மட்டும்தான். ஏரும் மாடும் ஆண்டையுடையவை, விதை ஆண்டையுடையது, வைக்கோல்கூட ஆண்டையுடையது. மழை பெய்து மணி மணியாய் விளைந்தாலும் அவனுக்கு அதே படி.

அந்தப் படி எப்படி அளக்கப்பட்டது? நாட்கூலியாக நெல், அல்லது எங்கள் பக்கத்து வானம் பார்த்த நிலங்களில் கம்பும் கேழ்வரகும் வரகும். அறுவடையில் களத்தில் கொஞ்சம். ஆண்டுக்கொரு வேட்டி. பண்டிகைக்குச் சில்லறை. மனைவியும் அழைத்தபோது வரவேண்டும். பிள்ளை மாடு மேய்க்க வேண்டும். அவர்களுக்குத் தனிக் கணக்கு பெரும்பாலும் இல்லை. படியாட்களில் மிகப் பெரும்பாலோர் ஆதித்திராவிடர். குடியிருந்த மனையும் பல ஊர்களில் ஆண்டையின் நிலமே. எனவே வேலையை விட்டால் வீட்டையும் விட்டாக வேண்டும்.

வெள்ளையர் ஆட்சி இந்த அமைப்பைக் கண்டு முதலில் கண்ணை மூடிக்கொண்டது. நிலவரி தடையின்றி வரவேண்டுமென்றால் உழுபவன் ஓடக்கூடாது அல்லவா? 1819இல் வருவாய் வாரியம் மாவட்ட ஆட்சியர்களிடம் அடிமைமுறை பற்றி அறிக்கை கேட்டது. அறிக்கைகள் வந்தன, அடுக்கப்பட்டன. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை என்னும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்றது. பின்னர் இந்தியத் தண்டனைச் சட்டம் ஆளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. ஆளோலை செல்லாத ஓலையாயிற்று.

இங்கேதான் நம் சொல்லின் வரலாற்றில் ஒரு திருப்பம். அடிமை என்று எழுத முடியாத இடத்தில் கடன் என்று எழுதினார்கள். ஓலை போயிற்று, கடன்முறி வந்தது. 1859இல் மற்றொரு சட்டம், முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத தொழிலாளியைத் தண்டிக்க வழி செய்தது. 1920களில்தான் அது நீக்கப்பட்டது. ஒரு கையால் விலங்கைக் கழற்றி, மறுகையால் வேறொரு விலங்கை மாட்டும் கலை அதிகாரத்துக்குக் கைவந்த கலை.

கடன் எப்படி விலங்காகிறது என்பதைக் கணக்காசிரியன்போல் சற்றே விளக்கிவிடுகிறேன். படியாளின் மகனுக்குத் திருமணம். கையில் காசில்லை. ஆண்டை சில ரூபாய் கொடுக்கிறார். வட்டி கேட்பதில்லை. 'எவ்வளவு தாராளம்!' என்று ஊர் வியக்கிறது. ஆனால் கடன் உள்ளவரை வேறு எவரிடமும் வேலைக்குப் போகக்கூடாது. வெளியே தன்னுரிமைக் கூலியாள் பெறும் கூலிக்கும் இவன் பெறும் படிக்கும் உள்ள வேறுபாடு நாள்தோறும் ஆண்டைக்கு மிச்சம். அந்த மிச்சந்தான் வட்டி. அது கணக்கேட்டில் ஏறுவதில்லை. முதலோ குறைவதில்லை, படியில் மீதம் பிடித்து முதலை அடைக்க, படியில் மீதம் எங்கே இருக்கிறது? தந்தை மாண்டால் மகன் அந்தக் கடனோடு அந்த ஏரையும் ஏற்கிறான்.

இது என் கற்பனையன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர், 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு தென்னிந்தியச் சிற்றூர்கள் சிலவற்றை ஆராய்ந்தார். 1918இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் ஒன்று தென்னார்க்காட்டு இருவேல்பட்டு. ஆளோலை காட்டப்பட்ட திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்து ஊர்! அங்குப் படியாட்கள் கடனால் வழிவழியாகக் கட்டுண்டு கிடந்ததை அந்நூல் பதிவு செய்கிறது. திருமணச் செலவுக்காக வாங்கிய கடன் ஒருபோதும் தீர்வதில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது. ஆண்டை நிலத்தை விற்றாலோ இறந்தாலோ படியாளும் நிலத்தோடு கைமாறுகிறான். எங்கள் வேப்பூரில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச்சந்தை கூடும். விற்ற ஆட்டின் கயிற்றையாவது ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றவேண்டும். படியாளுக்கு அந்தக் கயிறும் தேவைப்படவில்லை.

இதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் என்பார் 1891இல் பறையர் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். மனைக்கும் நிலத்துக்கும் உரிமை இல்லாதவரை இவர்கள் கட்டுண்டே கிடப்பர் என்பதை அவர் தெளிவாகக் கண்டார். 1892இல் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் வழங்கும் நிலங்கள் அதன் வழி வந்தவை. அவற்றில் பல எவர் கைக்குச் சென்றன என்பது தனிக்கட்டுரைக்குரிய செய்தி.

படியாள் முறை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. குசராத்தில் ஹாலி, பீகாரில் கமியா, கன்னட நாட்டில் ஜீதா என அங்கங்கே அதற்கு அங்கங்கே ஒரு பெயர். ஐரோப்பாவிலும் இருந்தது. உருசியாவில் 1861இல்தான் பண்ணையடிமைகள் விடுவிக்கப்பட்டனர். 'ரோபோ' என்று இன்று பொறிமனிதனை அழைக்கிறோமே, அது செக் மொழியில் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து 1920இல் கரேல் சாபெக் எழுதிய நாடகத்தின் வழியாக உலகுக்கு வந்தது. இன்னும் வேடிக்கை ஒன்று. நம் திரைப்படங்களில் வில்லன் என்றொருவன் வருகிறான் அல்லவா? பண்ணையில் கட்டுண்டு உழைத்த ஏழையைக் குறித்த பழஞ்சொல்தான் அவன் பெயருக்கு மூலம். உழைத்தவன் பெயர் காலப்போக்கில் கயவன் பெயராயிற்று. தமிழும் பின்தங்கவில்லை. அடியாள் என்றால் பழங்காலத்தில் அடிமை செய்பவன்; இன்று கூலிக்குக் கம்பெடுப்பவன். வெட்டி என்றால் சோழர் கல்வெட்டில் கூலியின்றிச் செய்யவேண்டிய ஊழியம். இன்று வெட்டிப்பயல் என்றால் வேலையே செய்யாதவன்! கூலி கொடாமல் வேலை வாங்கியவனுக்கு எந்த மொழியிலும் வசைப்பெயர் ஏற்படவில்லை. வேலை செய்தவனுக்குத்தான் ஏற்பட்டது. அகராதி எழுதுகோல் யார் கையில் இருந்தது என்பதை வேறெப்படி அறிவது?

தஞ்சையில் செங்கொடிச் சங்கங்கள் எழுந்தன. சாணிப்பாலும் சவுக்கடியும் கூடா என்னும் முழக்கம் வயல்வரப்புகளில் கேட்டது. 1944இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாள் என்னும் சொல் ஒரு சட்டத்தின் பெயரிலேயே ஏறிற்று. ஆனால் சட்டம் தஞ்சைக்கு மட்டும். தென்னார்க்காட்டுப் படியாளுக்கு அது பொருந்தாது. சட்டம் வந்ததும் தஞ்சை நிலவுடைமையாளர் பலர் பண்ணையாளை நீக்கி அன்றாடக் கூலிக்கு ஆள் வைக்கத் தொடங்கினர். பாதுகாப்புக்கு உரியவன் என்னும் பெயரையே பறித்துவிட்டால் பாதுகாப்பு யாருக்கு?

1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு. கீழவெண்மணி. ஒரு குடிசைக்குள் 44 பேர், பெரும்பாலும் பெண்டிரும் குழந்தைகளும், எரிந்து மாண்டனர். கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள் என்பதே மக்கள் நினைவில் நிற்கும் கணக்கு. அரைப்படி என்றால் ஓர் உரி. அடுத்த ஆண்டில் கீழ்த்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அண்ணாவின் ஆட்சியில் நடந்த கொடுமை அது என்பதை நம்மவர் சிலர் சொல்லத் தயங்குவர். தயங்க வேண்டுவதில்லை. நம் வீடு தீப்பற்றினாலும் தீ என்றுதான் சொல்லவேண்டும்.

படியாள் என்னும் சொல்லைச் சட்டம் நேரடியாகத் தொட்டது 1976இல். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அது. 1975 அக்டோபர் 25 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. எந்தெந்தப் பெயரால் வழங்கினாலும் கொத்தடிமையே என்று அச்சட்டத்தின் விளக்கத்தில் ஒரு வரிசை தரப்பட்டுள்ளது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்த பெயர்கள். ஹார்வாய், ஜீதா, கமியா, பாலேரு ஆகியவற்றோடு படியாள், பண்ணையாள், வெட்டி என்னும் நம் சொற்களும் நிற்கின்றன. சோழர் கல்வெட்டில் வரியாகப் பதிந்த வெட்டியும், தென்னார்க்காட்டுக் களத்தில் அளக்கப்பட்ட படியும் நாடாளுமன்றத்தின் ஒரே பத்தியில் சந்தித்தன. அளக்கும் படியை ஒழிக்க 1956இல் ஒரு சட்டம். அந்தப் படியை வாங்கிய ஆளின் கட்டை அவிழ்க்க மேலும் இருபது ஆண்டுகள்! கிலோவுக்கு இருந்த அவசரம் மனிதனுக்கு இல்லை. அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது 1950இலேயே என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். அன்றே படியாள் சட்டப்படி குடிமகன் ஆகிவிட்டான். ஆளாக இருந்தவன் குடியானான். ஆனால் அந்தச் செய்தி களத்துமேட்டுக்கு வந்து சேரவேண்டுமே!

சட்டம் மட்டும் அந்தக் கட்டை அவிழ்க்கவில்லை என்பதும் உண்மை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்று திரும்பியவர் கொண்டுவந்த காசு, நெய்வேலியில் தோண்டிய சுரங்கம், நகரத்துக்குப் போன பேருந்து, நியாயவிலைக் கடையின் அரிசி, பள்ளிக்கூடத்தில் போட்ட மதிய உணவு எல்லாம் சேர்ந்து அவிழ்த்தன. ஆண்டை அளக்கும் படி இல்லாமலும் அடுப்பெரியும் என்ற நிலை வந்த அன்றே படியாள் பாதி விடுதலை பெற்றான். சிலேட்டர் ஆராய்ந்த இருவேல்பட்டுக்குப் பின்வந்த ஆய்வாளரும் திரும்பத் திரும்பச் சென்றனர். 1930களில் சென்றனர், 1980களில் சென்றனர், 2008இலும் சென்றனர். கடைசியாகச் சென்றவர்கள் அங்குப் படியாள் முறை மறைந்திருக்கக் கண்டனர்.

முறை மறைந்தது, அதன் கணக்கு மறையவில்லை. செங்கற்சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் இன்றும் மீட்கப்படுகின்றன. கரும்பு வெட்டப் போவோர் பலர், போகும் முன்பே மேத்திரியிடம் பணம் வாங்கிக்கொண்டுதான் போகின்றனர். இப்போது அதற்குப் பெயர் முன்பணம். சிலர் 'அட்வான்சு' என்பர். அதில் படியும் இல்லை, ஆளும் இல்லை. கேட்பதற்கு வங்கிச் சொல்போல நாகரிகமாக இருக்கிறது. திருமணத்துக்கென்று வாங்கியது, மருத்துவத்துக்கென்று வாங்கியது, தந்தை வாங்கி மகன் அடைப்பது எல்லாம் அப்படியே இருக்கின்றன. முன்பணம் என்னும் சொல்லை 1976ஆம் ஆண்டுச் சட்டமும் மறக்கவில்லை. எவ்வளவு முன்பணம் வாங்கியிருந்தாலும், அதற்கு ஈடாக ஒருவன் தன் உழைப்பைக் கட்டாயமாகத் தரவேண்டும் என்னும் ஒப்பந்தம் செல்லாது. கொத்தடிமைக் கடன் அழிந்தது அழிந்ததுதான். சூளைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டின் நடுவில் வருகைப் பதிவேட்டிலிருந்து காணாமற் போகும்போது, ஆசிரியராக இருப்போர் வட்டாட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ ஒரு கடிதம் எழுதலாம். எழுதுகோல் இப்போது நம் கையிலும் இருக்கிறது.

படியாள் என்ற சொல்லை இன்னும் வாயில் வைத்திருக்கும் முதியவர்கள் சிலரே மிஞ்சியிருக்கின்றனர். அவர்கள் ஊரில் படியின் பக்கம் தட்டப்பட்டு உள்ளே குழிக்கப்பட்டிருந்ததா, அளக்கும்போது தலை வழித்தார்களா, கோபுரமாக விட்டார்களா, பெண்ணாளுக்கு எந்தப் படி, ஆணாளுக்கு எந்தப் படி, மழைநாளில் வேலை இல்லாதபோது அளந்தார்களா என்பவற்றையெல்லாம் கேட்டு எழுதியனுப்பும் தோழர்கள் தம் ஊர்ப்பெயரையும் வட்டத்தையும் தெளிவாகக் குறிப்பிடுக.